டீயா, சோறா?

முப்பது வருஷத்துக்கு முன்பு, தேரிக்காட்டு ஓரத்து ஊர் ஒன்றில் கன்வென்ஷன் கூட்டம். மே மாதம். ஓலைப் பந்தலுக்குள் காற்று வரவில்லை, மணல்தான் வந்தது. வெளிநாட்டுப் பிரசங்கியார் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். அவர் அடுத்த மூச்சை இழுப்பதற்குள் நான் அதைத் தமிழில் சொல்லிவிட வேண்டும். மேடை மொழிபெயர்ப்பில் எனக்கு அது மூன்றாவதோ நான்காவதோ கூட்டம். கடைசி ஜெபத்துக்கு முன்னால் அவர், இதற்குப் பிறகு ஃபெல்லோஷிப் இருக்கிறது, யாரும் எழுந்து போய்விடாதீர்கள் என்றார். எனக்குச் சொல் கைவசம் இருந்தது. "கூட்டத்துக்குப் பின் ஐக்கியம் உண்டு, அனைவரும் தரித்திருங்கள்" என்று கணீரென்று சொன்னேன்.

முன்னால் பாயில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருத்தி கையைத் தூக்கினாள். காதில் பாம்படம் ஆடியது.

"தம்பி, ஐக்கியம்னா டீயா, சோறா? டீன்னா நான் கடைசி பஸ்ஸுக்குப் போயிருதேன்."

பந்தல் முழுக்கச் சிரித்தது. பிரசங்கியார் என் முகத்தைப் பார்த்தார். ஆச்சி கேட்டதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. சமையல் பக்கமிருந்து யாரோ "சோறுதான் ஆச்சி, கறிச்சோறு" என்று குரல் கொடுத்தார்கள். ஆச்சி காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இன்றைக்கு ஃபெல்லோஷிப் என்ற சொல் எந்தத் தாளில் வந்து விழுந்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஆச்சியின் கேள்வியைத்தான். நடுவில் வைத்திருப்பது என்ன? கொண்டுவந்து வைத்தவர் யார், அதில் யாருக்கெல்லாம் பங்கு? இதைக் கேட்காமல் அகராதியைத் திறந்தால் ஐக்கியம், தோழமை, நட்புறவு, கூட்டுறவு, கேண்மை, சகவாசம் என்று வரிசையாக நிற்கும். எல்லாமே சரியென்று தோன்றும். அந்த நேரத்தில்தான் தப்பு நடக்கும்.

நான் திருநெல்வேலி டவுனில் பிறந்த சைவ வீட்டுப் பிள்ளை. எங்கள் வீட்டில் ஐக்கியம் என்றால் கரைந்துபோவது. நந்தனார் தில்லையில் ஐக்கியமானார். திருஞானசம்பந்தர் நல்லூர்ப்பெருமணத்தில் தம் கல்யாணத்துக்கு வந்த சனத்தையும் கூட்டிக்கொண்டு சோதியில் ஐக்கியமானார். பாட்டி இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பந்திச் சாப்பாடு என்னவாயிற்று என்று நான் கேட்பேனாம். 1874இல் வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதையும் அதே சொல்லால்தான் சொன்னாள். இன்றைக்குப் பையன்கள் கேலியாக, "கடைசி வரைக்கும் வேண்டாம் வேண்டாம்னான், பிரியாணியப் பாத்ததும் ஜோதியில ஐக்கியமாயிட்டான்" என்கிறார்களே, அதிலும் பொருள் மாறவில்லை. போனவன் திரும்பி வரமாட்டான். ஐக்கியமான பிறகு இரண்டு பேர் மிச்சமில்லை.

ஃபெல்லோஷிப்புக்கோ இரண்டு பேர் கடைசிவரை இரண்டு பேராகவே இருந்தாக வேண்டும். அதனால் சபை வட்டாரத்தில் வாலிபர் ஐக்கியம், பெண்கள் ஐக்கிய சங்கம், ஐக்கிய விருந்து என்று அந்தச் சொல் தாராளமாகப் புழங்குவதைக் கேட்டபோது ஆரம்பத்தில் எனக்குச் சற்று அபத்தமாகவே பட்டது. ஐக்கிய விருந்தில் யார் யாருக்குள் கரைகிறார்கள்?

இதை ஒருநாள் சேகரத்து ஐயரிடமே கேட்டுவிட்டேன். எங்கள் பக்கத்தில் சில சபைகள் சேர்ந்த வட்டாரத்தைச் சேகரம் என்றும் சபைக் குருவை ஐயர் என்றும் சொல்வார்கள், சாதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய நிர்வாகக் கமிட்டித் தீர்மானங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கிக் கொடுக்கிற வேலை அப்போது எனக்கு. பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. கேள்விக்குத் தனிக் கட்டணம் கிடையாது என்பதால் நிறையக் கேட்பேன்.

அவர் மூன்று இடத்தில் துண்டுச்சீட்டு வைத்துப் பைபிளை என்னிடம் தள்ளினார். முதல் இடம் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம். முதல் சபையார் என்னென்ன செய்தார்கள் என்று சொல்கிற இடத்தில் 'அந்நியோந்நியம்' என்று இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. நாம் அன்னியோன்னியம் என்று கல்யாணப் பத்திரிகைக்கும் அறுபதாம் கல்யாணத்துக்கும் அல்லவா எடுத்து வைத்திருக்கிறோம். இரண்டாவது இடம் யோவான் எழுதிய முதல் நிருபம். அங்கே 'ஐக்கியம்'. மூன்றாவது லூக்கா ஐந்தாம் அதிகாரம், வலை கிழியக் கிழிய மீன் பட்ட கதை. யாக்கோபும் யோவானும் சீமோனுக்குக் 'கூட்டாளிகள்' என்றிருந்தது.

"மூணும் கிரேக்கத்துல ஒரே வேர் தம்பி. கொய்னோஸ். பொதுன்னு அர்த்தம். அதுலருந்து கொய்னோனியா. பொதுவுல வச்சுப் பங்கிடுறது. அங்க சபை, இங்க படகு. அவ்வளவுதான் வித்தியாசம்."

பிறகு நாலாவதாக ஒரு சீட்டும் வைத்தார். ரோமருக்கு எழுதின நிருபத்தின் கடைசிப் பக்கம். எருசலேமில் இருந்த ஏழைகளுக்காக மக்கெதோனியாக்காரர்களும் அகாயாக்காரர்களும் காசு திரட்டிய செய்தி. அந்தக் காசுக்கும் கிரேக்கத்தில் கொய்னோனியா என்றுதான் பேர் என்றார். சபை, படகு, காசு எல்லாவற்றுக்கும் ஒரே வேர்ச்சொல். தமிழில் அதை நாலாகப் பிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது. பிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1714இல் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு சுவிசேஷங்களை அச்சில் ஏற்றியதிலிருந்து, பவர் தலைமையிலான மொழிபெயர்ப்புக் குழுவினர் 1871இல் முடித்த திருத்தம் வரைக்கும் ஒன்றரை நூற்றாண்டு இந்தச் சொற்களோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். கையில் இருந்தவை பெரும்பாலும் வடமொழிச் சொற்கள். அவற்றில் சைவமும் வைணவமும் ஏற்கெனவே குடியிருந்தன. குடியிருப்பவரைக் காலிசெய்யச் சொல்லாமல் பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்த மாதிரி ஒரு காரியம் அது. இன்று ஐக்கியம் என்றதும் ஒரு கிறிஸ்தவக் காதில் பாயும் பாட்டும் கறிச்சோறும் ஒலிக்கிறதென்றால் அந்த அறை அவர்களுக்கே சொந்தமாகிவிட்டது என்று பொருள். ஆச்சி அந்தச் சொல்லைச் சந்தேகப்படவில்லை, கவனித்தீர்களா? மெனுவை மட்டும்தான் கேட்டாள்.

1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில், அந்நியோந்நியம், ஐக்கியம் என்றிருந்த இடங்களில் 'நட்புறவு' என்று போட்டார்கள். நல்ல தமிழ், எளிமை, குழப்பம் இல்லை. ஆனாலும் அந்தச் சொல் எனக்குப் பிடிப்பதில்லை. செய்தித்தாளில் இரு நாட்டுப் பிரதமர்கள் கைகுலுக்கும் படத்துக்குக் கீழே தினமும் பார்க்கிற சொல் அது. நட்பும் இருக்கிறது, உறவும் இருக்கிறது. நடுவில் வைக்கப் பொருள் ஏதும் இல்லை. கைக்காசு போடாமலே நட்புறவு வைத்துக்கொள்ளலாம். பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் ஒருவரையொருவர் பார்க்காமலே நட்பாக இருந்தார்கள் என்று புறநானூற்றை வைத்துச் சொல்கிறோம். நட்பின் உச்சம் அது. ஃபெல்லோஷிப் அதில்லை. இதற்கு ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே அண்டாவிலிருந்து அள்ளியாக வேண்டும்.

கூட்டாளி என்ற சொல்லின் எடை எனக்குப் புரிந்தது அதற்குச் சில வருஷம் கழித்து, கடற்கரையில். மீனவர் வாழ்க்கையை ஆராய வந்த ஒரு வெளிநாட்டு மாணவிக்குத் துபாஷியாக மணப்பாடு பக்கம் ஒரு வாரம் போயிருந்தேன். கரைவலை இழுப்பதைப் பார்த்தோம். இரண்டு கயிற்றிலும் ஆட்கள் வரிசையாக நின்று, இடுப்பில் கட்டிய துணியைக் கயிற்றோடு முடிந்து, பின்னாலேயே நடந்து நடந்து இழுக்கிறார்கள். வலை கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மீன் ஏலம் போனதும் செலவுக் காசைத் தள்ளிவிட்டு, வலைக்காரருக்கு இவ்வளவு என்று எடுத்துவைத்துவிட்டு, மீதியை ஆள் கணக்கில் பிரித்தார்கள். மணலில் துண்டை விரித்து, ரூபாயைச் சிறு சிறு குவியலாக வைத்துக்கொண்டே போனார் ஒரு பெரியவர். குவியல்களை எண்ணினேன். கயிறு பிடித்தவர்களைவிட ஒன்று கூடுதலாக இருந்தது.

"அது ஆருக்கு அண்ணாச்சி?"

"காய்ச்சல்ல கெடக்கான்லா, அவனுக்கு."

இதை அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் குறிப்பேட்டில் ஒரே சொல்லை எழுதி அடிக்கோடிட்டாள். எட்டிப் பார்த்தேன். ஃபெல்லோஷிப்.

அந்த ராத்திரி விடுதி அறையில் அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைத் தேடிப் பார்த்தேன். கையில் இருந்த பெரிய அகராதியில் ஃபெல்லோ என்பதன் மூலம் வடக்குக் கடலோரத்து நார்ஸ் மொழி என்று போட்டிருந்தது. ஃபேலகி. 'ஃபே' என்றால் மாடு. மாடு செல்வம் ஆதலால் பொருள், பணம். 'லக்' என்றால் கீழே வைப்பது. தன் பொருளை இன்னொருத்தன் பொருளோடு சேர்த்து வைத்துத் தொழில் செய்கிறவன் ஃபெல்லோ. துண்டில் பரப்பிய ரூபாய்க் குவியல் கண்ணை விட்டுப் போகாத நேரத்தில் இதைப் படித்தேன். நமக்கும் மாடு என்றால் செல்வம்தானே. கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் அந்தப் பொருளில்தான் அதை ஆள்கிறார். எங்கோ பனிக்கடலில் திரிந்தவர்களும் நாமும் சொத்தை எண்ணத் தொடங்கியது ஒரே தொழுவத்தில்.

பாதை பிரிந்தது அதற்குப் பிறகுதான். சொத்தில் சேர்ந்து பங்குள்ளவனுக்கு நாம் வைத்த பேர் பங்காளி. அந்தச் சொல் இன்றைக்கு எங்கே வந்து நிற்கிறது? வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, கோர்ட்டு. பங்காளி வீட்டில் இழவு விழுந்தால் தீட்டு உண்டு, பேச்சு வார்த்தை இருக்குமா என்பது சந்தேகம். அவர்கள் சொல் பொருளில் தொடங்கிச் சிநேகத்துக்குப் போயிற்று; நம் சொல் சிநேகத்தை விட்டுவிட்டுப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டது. ஒருவேளை அவர்கள் விரும்பிச் சேர்ந்தவர்கள், நாம் பிறப்பால் சேர்க்கப்பட்டவர்கள் என்பதாலோ என்னவோ. மதுரைப் பக்கத்தில் பையன்கள் "என்ன பங்காளி" என்று தோளில் கைபோட்டுக் கூப்பிடுவதைக் கேட்கும்போது மட்டும் அந்தச் சொல்லுக்கு விமோசனம் கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை வருகிறது.

பல்கலைக்கழகத் தாள்கள் வேறு ரகம். அங்கே ஃபெல்லோஷிப் என்பது காசு, அவ்வளவுதான். ஆராய்ச்சி மாணவர்கள், "இந்த மாசம் ஃபெல்லோஷிப் ஏறிடுச்சா?" என்று கேட்டுக்கொள்வார்கள்; ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப் என்கிற ஜே.ஆர்.எஃப். 2023 ஜனவரியில் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. இதற்கு ஆய்வு உதவித்தொகை என்றோ நல்கை என்றோ எழுதிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பழக்கத்தில்தான் ஒருமுறை வழுக்கி விழுந்தேன். ஒரு பாராட்டு விழா மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு ஒன்றை மொழிபெயர்த்தபோது, மூத்த எழுத்தாளர் ஒருவர் சாகித்திய அகாதெமி உதவித்தொகை பெற்றார் என்று எழுதிவிட்டேன். அச்சாகி வந்த பிறகு அவர் போன் செய்தார். கோபப்படவில்லை. "எவ்வளவுன்னு போடலையே, கேக்குறவங்களுக்கு என்ன சொல்ல?" என்றார். அகாதெமியின் ஃபெல்லோ என்பது அது தருகிற மிக உயர்ந்த கௌரவம். ஒரே சமயத்தில் உயிரோடிருக்கும் 21 பேருக்கு மேல் அந்தப் பட்டியலில் இருக்க முடியாது. ராதாகிருஷ்ணன், ராஜாஜி, ஜெயகாந்தன் இருந்த வரிசை. அங்கே நடுவில் வைத்திருப்பது ஒரு நாற்காலி. நான் அதைச் சில்லறையாக மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் அந்த இடத்தில் 'ஃபெல்லோ' என்றே விட்டுவிடுகிறேன். 'மதிப்புறு உறுப்பினர்' என்று எழுதிப் பார்த்தேன். கூட்டுறவு வங்கி ஞாபகம் வந்தது.

பணமும் நாற்காலியும் சோறும் ஒன்றாக வந்து சிக்கிய இடம் கணித மேதை ராமானுஜன். அவரைப் பற்றிய சிறு நூல் ஒன்றை மொழிபெயர்த்தபோது இந்த ஒரு சொல்லில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். 1918 மே மாதம் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, அதே வருஷம் அக்டோபரில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. தமிழில் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும், விஷயம் ஒன்றல்ல. முன்னது அறிஞர் சபையில் இடம். பின்னது ஒரு வீட்டுக்குள் இடம்: கல்லூரியின் சொத்திலிருந்து வருஷா வருஷம் பணம் வரும், கூடத்தில் உயர்ந்த மேசையில் மற்ற ஃபெல்லோக்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம். அந்த மேசைதான் என்னை மடக்கியது. 1914இல் அங்கே போய்ச் சேர்ந்த ராமானுஜன் தம் அறையில் அடுப்பு மூட்டித் தாமே பொங்கிச் சாப்பிட்ட மனிதர். சைவச் சாப்பாடு, ஆசாரம். யுத்த காலத்தில் காய்கறிக்கும் தட்டுப்பாடு. ஃபெல்லோ ஆன செய்தி வந்த சமயத்தில் உடம்பு முடியாமல் சிகிச்சையில் இருந்தார். உலகமே பொறாமைப்படுகிற பந்தியில் அவருக்கு இலை போட்டாயிற்று, அவரால் போய் உட்கார முடியவில்லை.

பணத்தை என்ன செய்தார் என்பது அடுத்த சங்கதி. சென்னைப் பல்கலைக்கழகமும் தன் பங்குக்கு வருஷம் 250 பவுன் தருவதாக அறிவித்தது. 1919 ஜனவரி 11ஆம் தேதி அதன் பதிவாளருக்கு ராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுத்துவிட்டு, தம்முடைய அவசியச் செலவு போக மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கணக்கிலேயே கிடந்தவர் போட்ட இந்தக் கணக்கு, மணல் துண்டில் ஒரு குவியல் கூடுதலாக வைத்த பெரியவரின் கணக்குதான். அந்த அத்தியாயத்தில் நான் ஃபெல்லோ என்பதைப் பெயர்க்கவே இல்லை. பக்கத்திலேயே ஒரு வாக்கியத்தில் மேசையையும் பணத்தையும் விளக்கிவிட்டு நகர்ந்தேன். பதிப்பாசிரியர், தமிழ்ச் சொல் கிடைக்கவில்லையா என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தார். கிடைத்தது, வாசகருக்குப் பசியாறாது என்று பதில் எழுதினேன். அச்சில் அப்படியே போனது.

என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு சின்னத் துண்டுப் பிரசுரம். இரண்டு பக்கம்தான். குடியை விட முயல்கிறவர்கள் கூடுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒருவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் லாரி ஓட்டுகிறவர்; பெயர் கேட்கக் கூடாது, நான் கேட்கவில்லை. 1935இல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு கரையேறியதில் தொடங்கிய அமைப்பு. தன்னை ஒரு ஃபெல்லோஷிப் என்றுதான் சொல்லிக்கொள்கிறது. அந்த வரியைத்தான் தமிழில் கேட்டார்கள். வெளியாள் வரலாம் என்ற கூட்டம் ஒன்றில் போய் உட்கார்ந்து பார்த்தேன். மேசை நடுவில் டீ கேன், பக்கத்தில் பேப்பர் கப். ஒருவர் பேசினால் மற்றவர் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. கடைசியில் ஒரு துணிப்பை சுற்றி வந்தது. நானும் காசெடுக்கச் சட்டைப் பையில் கைவிட்டேன். பக்கத்திலிருந்தவர் மெல்ல என் விரல்களைப் பிடித்தார். வெளியார் காசு வாங்குவதில்லை என்பது அவர்கள் கட்டுப்பாடு.

நான் முதலில் எழுதிக் கொடுத்தது ஐக்கியம். லாரிக்காரர் தலையை ஆட்டினார்.

"ஐக்கியம்னு போட்டா சர்ச்சுன்னு நெனச்சுக்கிட்டு பாதிப்பேரு வாசல்லயே திரும்பிருவான் சார்."

தோழமை என்றேன்.

"கட்சி ஆபீஸ்ம்பான்."

கூட்டாளிகள் என்று சொல்லிப் பார்த்தேன். மணப்பாட்டிலிருந்து ஆசையாகக் காப்பாற்றி வைத்திருந்த சொல். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மின்வாரியக்காரர்தான் சொன்னார்: "கூட்டாளிங்களாலதான சார் இங்க வந்து உக்காந்துருக்கோம்." சகவாசம் என்று வாயெடுத்தவன் நானாகவே நிறுத்திக்கொண்டேன். நல்ல சொல்தான், சேர்ந்து வசிப்பது என்று பொருள். தமிழன் அதற்கு முன்னால் 'கூடாத' என்று போடாமல் பேசுவதே இல்லை.

ஒரு வாரம் ஓடியது. ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மனைவி, "அவங்க அங்க என்னதான் செய்யுதாங்க?" என்று கேட்டாள். பேசுவாங்க, கேப்பாங்க, ராத்திரி ரெண்டு மணிக்குக் கை நடுங்கினா இன்னொருத்தருக்கு போன் போடுவாங்க என்றேன். "அப்ப தொணையா இருக்காங்க, அவ்வளவுதான?" என்றாள்.

அவ்வளவுதான். பெயர்ச்சொல்லைத் தேடித் தேடி நான் வினையை விட்டிருந்தேன். ஆங்கிலம் ஒரு சொல்லில் மூட்டை கட்டி வைப்பதைத் தமிழ் பெரும்பாலும் அவிழ்த்துத்தான் காட்டும். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் எனக்கு அது ஒவ்வொரு தடவையும் புதிதாக மறந்துபோகிறது. "குடியை விட்டு வாழ ஒருவருக்கொருவர் துணையாக இருப்பவர்கள் நாங்கள்" என்று எழுதினேன். ஃபெல்லோஷிப் என்ற சொல் எங்கும் இல்லை. லாரிக்காரர் சத்தமாக இரண்டு தடவை வாசித்துப் பார்த்தார். இரண்டாம் தடவை 'நாங்கள்' என்பதில் கொஞ்சம் நின்றார்.

அச்சக புரூஃப் வந்த அன்று இருவரும் மறுபடி வந்தார்கள். விரலை வரிக்குக் கீழே நகர்த்திக்கொண்டே போய்க் கடைசியில் நிறுத்தினார் மின்வாரியக்காரர்.

"எல்லாம் சரி சார். அடியில 'டீ உண்டு'ன்னு ஒரு வரி சேத்துருங்க. மொத நாள் வர்றவனுக்கு என்ன பேசன்னு தெரியாது. கப்பக் கையில பிடிச்சுக்கிட்டாவது உக்காந்துருப்பான்."

பக்கத்தின் அடியில் இடமில்லை. மொழிபெயர்ப்பு என்று என் பெயர் போட்டிருந்த வரியை அடித்துவிட்டு, அங்கே அதைச் சேர்த்தேன்.